தலைவர் பேசிய சிங்களம்

"யோவ் அந்தோணிமுத்து! ஆம்பளையா இருந்தா வெளிய வாய்யா!"

பாலகுரு போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கூடுவதற்குப் பெரிதாக ஆளும் பாக்கியில்லை. பாதித் தெரு ஏற்கெனவே அவர் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. கோட்டுச்சேரியில் அந்தத் தெருவுக்கு அவர் வீட்டில் மட்டும்தான் டி.வி.

தேர்தலுக்கு எட்டு நாள் இருந்தது. சாயங்காலம் ஏழரைக்கு டி.வி.யில் கட்சிப் பேச்சு. ஒருநாள் எதிர்க்கட்சி, மறுநாள் பாலகுருவின் கட்சி. இன்றைக்கு அவருடைய தலைவர் முறை. கிளைச் செயலாளர் சும்மா இருப்பாரா? டி.வி.க்கு மாலை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் மனைவி அல்லி கையால் டீயும் கொடுத்தாயிற்று.

தலைவர் வந்தார். கும்பிட்டார். "தாய்மார்களே" என்றார்.

அவ்வளவுதான். படம் நெளிந்தது, புள்ளி புள்ளியாகக் கொட்டியது. அப்புறம் பளிச்சென்று ஒரு அம்மாள் வந்து சிங்களத்தில் செய்தி வாசிக்க ஆரம்பித்தாள்.

"என்ன மாமா, தலைவரு சிங்களத்துல ஓட்டு கேக்குறாரு?" என்றான் சைக்கிள் கடை காதர் பாட்சா. கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. பாலகுருவுக்கு மானம் போயிற்று.

முந்தாநாளும் இதே கூத்துதான். ஆன்டெனா வடக்கே பார்த்தால் மெட்ராஸ், தெற்கே திரும்பினால் இலங்கை. கடல் காற்று திருப்பிவிட்டது என்று நினைத்து, கம்பத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வந்திருந்தார். இன்றைக்கு இலைகூட அசையவில்லை. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிய கயிற்றையே காணோம். காற்று கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டா போகும்?

பக்கத்து மாடி அந்தோணிமுத்துவுடையது. ஒரே எட்டு. அவர் எதிர்க்கட்சிக்காரர். வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தோணிமுத்து வெளியே வந்தார். "உன் மாடிக்கு நான் ஏன்யா வர்றேன்?"

"நடிக்காத! எங்க தலைவர் பேச்சு ஜனங்க காதுல விழக் கூடாது, அதானே? ஓட்டுப் போடுறவன் ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டுத்தான்யா முடிவு பண்ணணும்! கேக்க விடாம அடிக்கிறது அயோக்கியத்தனம்! பச்சை அயோக்கியத்தனம்!"

நியாயந்தானே என்று கூட்டம் தலையாட்டியது.

ஆன்டெனாவைச் சரிசெய்ய மாடிக்குப் போயிருந்த கட்சிக்காரப் பையன் நடராசன் விரலை மோந்துகொண்டே இறங்கி வந்தான். "அண்ணே, கம்பத்துல மாவு ஒட்டியிருக்கு. ஈர மாவு."

"மாவா?" பாலகுரு தன் வீட்டுப் பக்கம் திரும்பப் போனார்.

"சுண்ணாம்புய்யா அது." சட்டென்று குறுக்கே வந்தார் அந்தோணிமுத்து. "வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டிருந்தேன். நான்தான் திருப்பினேன். இப்ப என்னாங்கிற?"

பாலகுரு பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். மறு கையை ஓங்கினார்.

"கையை எடுங்க!"

வாசலில் அல்லி நின்றாள். நாலு பேர் முன்னால் அவள் குரல் உயர்ந்து அந்தத் தெரு கேட்டதில்லை. முழங்கை வரைக்கும் இட்லி மாவு.

"அந்தோணி அண்ணே, எனக்காக நீங்க அடி வாங்க வேணாம். அண்ணன் ரெண்டு தடவையும் அவரு மாடியிலேர்ந்து பாத்தாருங்க. பாத்தும் வெளிய சொல்லலை. திருப்புனது நான்தான்."

"நீயா? கட்டுன புருஷன் கட்சிக்கே..."

"கட்சியா? வயிறு எரியுதுங்க எனக்கு! சுரக்குடியில எங்கப்பா எனக்குக் குடுத்த ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கரு, ரெண்டு வருசமா தண்ணியில்லாம வெடிச்சுக் கெடக்கு. வாய்க்காலைத் தூர் வாரப்போறது யாரு, யாரு என்ன சொல்றாங்கன்னு கேப்போம்னு அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்தேன். எதிர்க்கட்சி ஆளு வாயைத் தொறந்ததும் பட்டுனு டி.வி.யை அணைச்சீங்க. ஒரு நாளா? ரெண்டு நாள்! போட்டு விடுங்கன்னு கெஞ்சினேன். என்ன சொன்னீங்க? 'உனக்கெதுக்குடி அது, சின்னத்தை நான் காட்டுறேன், நீ குத்துனாப் போதும்'னீங்க. இன்னிக்கு நடுத்தெருவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் கேக்கணுமாம். வெக்கமா இல்ல?"

பாலகுருவின் கை சட்டையை விட்டது.

கூட்டம் மெல்ல நழுவப் பார்த்தது. அந்த இரண்டு நாளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அத்தனை பேரும். டி.வி. அணைந்தபோது துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்களே தவிர, ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காதர் பாட்சாகூட இப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

அல்லி இடுப்பில் செருகியிருந்த கயிற்றை உருவி, புருஷன் காலடியில் போட்டாள்.

"நாளைக்கு அவங்க ஆளு பேசுறாரு. டி.வி. அணையாம ஓடட்டும். நாளன்னிக்கு உங்க தலைவரு தமிழ்ல பேசுவாரு."