மூன்றாவது மாடி நாற்காலி

இடுப்பில் நசுங்கிய நரம்பு வலது காலைச் சுண்டி இழுக்க, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறி வந்தார் பஸ் டிரைவர். கையில் மாற்றுப் பணி கேட்டு ஒரு விண்ணப்பம், அதற்குச் சாட்சியாக ஒரு ஸ்கேன்.

போக்குவரத்துக் கழக அதிகாரி ஸ்கேனைத் தொடக்கூட இல்லை.

"மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. அப்புறம் என்னய்யா வலி?"

"பிரேக்கை மிதிச்சா கால் மரத்துப் போகுது சார். பின்னால அம்பது உயிர் உட்கார்ந்திருக்கு. டிக்கெட் கவுன்ட்டர்ல ஒரு ஓரமா போட்டீங்கன்னா..."

"வலியெல்லாம் மனசுலதான்யா. செல்லம் குடுத்தா தலையில ஏறி உட்காரும். மனுஷனுக்கு உறுதி வேணும்."

உபதேசம் கால் மணி நேரம் ஓடியது. முடிவில் 'பணிக்குத் தகுதியானவர்' என்று ஓங்கி ஒரு முத்திரை குத்தினார் அதிகாரி. குத்திய வேகத்தில் ரப்பர் ஸ்டாம்ப் கைநழுவித் தரையில் உருண்டது.

இருவரும் அதையே பார்த்தார்கள். இருவரும் குனியவில்லை.

டிரைவர் அப்போதுதான் கவனித்தார். அதிகாரி இடப்பக்கம் சாய்ந்து, முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுத்து, வலது காலை மேசைக்கடியில் நீட்டி வைத்திருந்தார்.

"சார் எந்த ரூட்டுல ஓட்டுனீங்க?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"மலை ரூட்டு. பதினெட்டு வருஷம்."

நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மாற்றுப் பணின்னு இங்க இருக்கிறது ஒரே ஒரு இடம்தான்யா. அதுல நான் உட்கார்ந்திருக்கேன்."