பாம்புக் காது

அக்கா போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டில் துணி துவைக்கும் மெஷின் படுத்து ஒரு மாதமாகிறது. அக்கா வாளியும் கையுமாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கிறாள். அத்தானோ, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்பிளிஃபயரை மூலையில் தள்ளிவிட்டு, புதிதாக ஒன்றை வாங்கிவந்து ஹாலில் வைத்திருக்கிறார். கேட்டால், பாட்டு முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறதாம்.

"நீ சொன்னா கேப்பாரு. வந்து பேசுடா," என்றாள் அக்கா.

அத்தான் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர். அந்தக் காதுக்குத் தெளிவு ஒரு கேடா என்று தம்பிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏழு நாளைக்குள் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு நாள் ஆகிறது.

தம்பிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பேர் ஒட்டாத பாட்டில்களைச் சோதித்துச் சோதித்து, வாய்ப்பேச்சை நம்பாத ஆளாகிவிட்டான். அத்தானிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. சோதனை வைத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

ஞாயிறு காலை, தானே தயாரித்த ஒரு ஸ்விட்ச் பெட்டியோடு போய் இறங்கினான். பழையது, புதியது இரண்டையும் அதே ஸ்பீக்கர்களுக்கு இணைத்தான். சத்தத்தைப் போனில் அளந்து இரண்டுக்கும் சமமாக வைத்தான். இனி எது பாடுகிறது என்பது ஸ்விட்சைத் திருப்புகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தான் நழுவப் பார்ப்பார் என்று நினைத்தான். அவரோ குஷியாகிவிட்டார்.

"போடு மாப்ளே. பாத்துடலாம்."

"நீங்க சொல்லக் கூடாது அத்தான். வாங்கினவர் காதுக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்கும். அக்கா சொல்லட்டும். பத்து தடவையில எட்டு தடவையாச்சும் சரியா இல்லேன்னா, பெட்டி நாளைக்கே கடைக்குப் போயிடணும்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக அக்காவைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

அக்காவின் கண்ணைத் துண்டால் கட்டினான் தம்பி. ஜாடை காட்டுகிற பேச்சே இருக்கக் கூடாது என்று அத்தானின் கண்ணையும் கட்டினான். கை மடியில் இருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது என்று உத்தரவு போட்டு, இருவரையும் அந்தச் சின்ன சோபாவில் உட்கார வைத்தான். கணக்கெழுத நோட்டும் பேனாவுமாக அக்கா மகள் வந்து தரையில் சம்மணம் போட்டாள். கிரிக்கெட் பார்க்கிற பரபரப்பு அவளுக்கு.

தம்பி திரைக்குப் பின்னால் போய்க் காசைச் சுண்டினான். தலை விழுந்தால் புதுசு, பூ விழுந்தால் பழசு.

முதல் பாட்டு அரை நிமிஷம் ஓடியது. தம்பிக்கே காதால் மட்டும் கேட்டு எது எதுவென்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே குரல், ஒரே வயலின்.

"பழசு," என்றாள் அக்கா.

சரி. குருட்டாம்போக்கில் ஒன்று விழத்தான் செய்யும்.

"புதுசு."

அதுவும் சரி. மூன்றாவதும் நான்காவதும் சரி. ஐந்தாவதுக்கு அக்கா கொஞ்சம் யோசித்தாள். மகள் பேனாவைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பழசுதான்."

அதுவும் சரி. காசு அடுத்தடுத்து மூன்று தடவை தலையாகவே விழுந்தது. தொடர்ந்து ஒரே பெட்டி பாடினால் யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டு மாற்றிச் சொல்வார்கள். இங்கேதான் மாட்டப்போகிறாள் என்று தம்பிக்குத் தெம்பு வந்தது.

"புதுசு." "புதுசு." "மறுபடியும் புதுசுதான்டா. ஏமாத்தப் பாக்கறியா?"

எட்டுக்கு எட்டு. மகள் எழுந்து நின்றுவிட்டாள். ஒன்பதும் சரி. பத்தாவதுக்கு அக்கா "பழசு" என்றாள். தம்பி சரி என்றதும் மகள் நோட்டை வீசி எறிந்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அத்தான் துண்டை அவிழ்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "உங்க அக்காவுக்குப் பாம்புக் காது மாப்ளே. இத்தனை வருஷமா எனக்கே தெரியாமப் போச்சே," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வெற்றியைக் கொண்டாட அதே பாட்டை முழுசாகப் போட்டார். தம்பியின் முதுகில் தட்டி, சோதனை ரொம்பச் சுத்தமாக இருந்தது என்று அவனையும் பாராட்டினார். அதுதான் தம்பிக்குத் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது அக்கா மாடிப்படி வரை கூட வந்தாள்.

"உண்மையைச் சொல்லுக்கா. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. உனக்கு என்ன வித்தியாசம் தெரிஞ்சுது?"

"எனக்கும் ஒண்ணாத்தான்டா கேட்டுச்சு."

தம்பி ஒரு படி இறங்கியவன் அப்படியே நின்றான். பத்தும் எப்படிச் சரியாக வந்தது? அத்தான்தான் ஏதோ சைகை காட்டியிருக்கிறார் என்று பொருமினான்.

"அவர் கண்ணையும்தானே கட்டினே? எது பாடுதுன்னு அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஒரு சைகையும் இல்ல."

"பின்ன எப்படிக்கா?"

அக்கா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாள் பூரா ஸ்டியரிங்கைப் பிடிச்சு, வீட்டுல உட்கார்ந்தாக்கூட அவர் தோள் விறைச்சேதான்டா இருக்கும். அது என் மேல பட்டுக்கிட்டே இருந்துச்சு. புதுசு பாடுறப்ப எல்லாம், அவருக்கே தெரியாம அந்தத் தோள் இறங்கிடுச்சு."