பாஸ் மீனுக்கு ஒரு தடி

நான்காவது தூண்டில் தடியையும் பேரின்பநாதன் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மீன்பிடிச் சாமான் கடைக்காரர் ஈவ் பிரெஞ்சுக்காரர், நல்ல பொறுமைசாலி. நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு ஐந்தாவதை எடுக்க உள்ளே போனார்.

பேரின்பநாதனையும் குறை சொல்லக்கூடாது, பட்ட அவமானம் அப்படி. கோடை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மனைவியின் தமையன் அருமைநாதனோடு பியர்பொன்ட்ஸ் ஆற்றங்கரைக்குப் போகிறார். அருமைநாதன் பாஸ் மீனாக இழுத்து இழுத்துப் போடுகிறார். இவருக்கு ஒரு பொடி மீன்கூட இல்லை.

அந்த மீன் லேசில் அகப்படாது. கரையோரப் பாசிக்குள் றப்பர் புழுவைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாஸ் வந்து கவ்வும். றப்பர் என்று தெரிந்ததும் துப்பிவிடும். அந்தக் கணத்தில் தடி கையில் ஒரு சின்னத் தட்டுத் தட்டும். உடனே இழுத்தால் மீன், விட்டால் போச்சு.

பேரின்பநாதனின் தடி ஒருநாளும் தட்டவில்லை. புழு மட்டும் வாலில்லாமல் திரும்பி வரும்.

“மச்சான் மீனுகளுக்கு அன்னதானம் குடுக்கிறார்!” என்று போன ஞாயிறு அருமைநாதன் ஆற்றங்கரை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

கதை முருகன் கோயில் வரை வந்துவிட்டது. நேற்று வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றால், முன்பின் தெரியாத ஒருவர், “அன்னதானப் பொறுப்பாளரே வரிசையிலை நிக்கிறார்” என்கிறார். இதைப் பொறுக்க முடியுமா?

நாளை ஞாயிறு. ஒரு மீனாவது பிடித்தாக வேண்டும். அதுவும் அருமைநாதனின் கண்முன்னே.

மனைவி ஞானாம்பிகைக்கு அந்தக் கடையில் ஒரு வேலையும் இல்லை. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை முடிந்து, சீருடையோடு அப்படியே காரில் ஏறி வந்தவர். போகும் வழியில் மரக்கறி வாங்கவேண்டும். விற்பனைக்கு வைத்திருந்த மடிப்புக் கதிரை ஒன்றில் இருந்து கணவரின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது தடி கார்பன். தூக்கினால் ஈர்க்குப் போல இருந்தது. இதைவிடப் பாரம் குறைந்தது, இதைவிட நுட்பமாக உணரக்கூடியது கடையில் கிடையாது என்று ஈவ் சத்தியம் செய்யாத குறை. நைலோன் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அவர் நூலை விரலால் மெல்லத் தட்டுவார், கண்ணை மூடியிருக்கும் பேரின்பநாதன் தெரிந்ததும் சொல்ல வேண்டும். இதுதான் சோதனை.

பேரின்பநாதன் கண்ணை மூடி, மூச்சையும் அடக்கி நின்றார். ஒன்றும் தெரியவில்லை.

எதிரே ஈவ் மூச்சை இழுப்பது கேட்டது. சரி, தட்டப் போகிறார்.

“ஓம், ஓம், தட்டுது!” என்று துள்ளினார் பேரின்பநாதன்.

ஈவ் பெரிதாக ஒரு தும்மல் தும்மினார்.

“இதுவும் பேருக்குத்தான் தடி. எல்லாம் ஏமாத்து!”

“தாங்கோ பாப்பம்,” என்று ஞானாம்பிகை எழுந்து வந்தார். பிறந்ததிலிருந்து மீன்தடி தொட்டறியாதவர். கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப. இப்ப. இது ரெண்டு தரம் தட்டினவர்.”

பேரின்பநாதன் கழித்துவிட்ட பாரமான முதலாவது தடியிலும் அதே கதைதான். ஒன்றையும் விடவில்லை. ஈவ் கை தட்டினார்.

“கள்ளம்! கடைக்கண்ணாலை பாக்கிறீர்!”

ஞானாம்பிகை சிரிக்கவில்லை. கணவரின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதிலை இருங்கோ. கையை நீட்டிக் கண்ணை மூடுங்கோ.”

தடி பிடிக்கச் சொல்லித் தரப்போகிறாளாக்கும் என்று பேரின்பநாதனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் நாளை ஞாயிறு. கதிரையில் இருந்து கண்ணை மூடினார்.

“தெரியுதோ?”

“இல்லை.”

“இப்ப?”

“நீர் இன்னும் தொடங்கேல்லையே?”

 பிறகு அவருடைய சப்பாத்து கழன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. காலுறையும் போனது.

“மீன் பிடிக்கக் கால் என்னத்துக்கு?”

“கண்ணைத் திறவாதேங்கோ. இப்ப தெரியுதோ?”

“இல்லையெண்டுறன்! முதலிலை தடியைத் தாருமன்!”

பொறுமை கெட்டுக் கண்ணைத் திறந்தார்.

தடிகள் எல்லாம் சுவரில் சாத்தியிருந்தன. ஈவ் தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞானாம்பிகை தரையில் முழந்தாளிட்டு, நைலோன் நூலில் ஒரு துண்டை வெட்டி, அதன் நுனியால் அவருடைய கால் பெருவிரலில் குத்திக்கொண்டிருந்தார். நூல் வில்லாக வளைந்து நின்றது. பேரின்பநாதன் தன் கைவிரல் நுனிகளைப் பார்த்தார். அங்கேயும் நகம் பதிந்த சிவப்புத் தடங்கள்.

முதியோர் இல்லத்தில் நீரிழிவு என்ற சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தாதிமார் இப்படித்தான் நைலோன் நுனியால் குத்திப் பார்ப்பார்கள். உணர்வு செத்த கால்களைப் பிடித்துக்கொள்வது ஞானாம்பிகையின் வேலை.

“சீனி மாறீட்டுது எண்டு சொன்னனீங்களெல்லே?” என்றார். “பாகற்காய்ச் சாறு குடிச்சு மாத்தினதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியள். டொக்டர் தந்த குளிசையை எப்ப விட்டனீங்கள்?”

ஞானாம்பிகை கணவரின் பாதத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபடியால்தான் பேரின்பநாதனுக்கு அது தெரிந்தது. நெஞ்சுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

ஈவுக்குக் கேட்டாலும் தமிழ் விளங்காது என்பதையும் மறந்து, குனிந்து மனைவியின் காதருகே சொன்னார்:

“உம்மடை அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்.”