பதினேழு முறை

மதிய வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியே மேசைமேல் ஒரு கோடாகக் கிடக்கிறது. வளரும் பிள்ளைகள் வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று இருபத்திரண்டு வருடங்களாக ஆராய்ந்துவரும் உளவியல் பேராசிரியை, கணினியை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பி வைக்கிறார். அவர் லாரி ஓட்டுநர். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு மரம்போல உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் விபத்தில் இறந்துபோன அவருடைய மகள், பதின்மூன்று வயதில் இந்த அறையில்தான் ஆராய்ச்சிக்காகத் தன் அப்பாவோடு பத்து நிமிடம் பேசினாள். அந்தப் பதிவு இப்போது ஓடுகிறது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது பற்றிய சண்டை. சட்டைப் பொத்தானைத் திருகியபடி மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா குறுக்கே பாய்கிறார். எத்தனை முறை என்று பேராசிரியைக்குத் தெரியும்: பதினேழு. அந்தக் கணக்கை வைத்துக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர் அவர். இப்போது அவருக்குள்ளும் எதுவும் அசையவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. அழுவார் என்று எடுத்துவைத்த தண்ணீரை ஓட்டுநர் தொடவே இல்லை. “அவளப் பேசவே விடலையே மேடம்,” என்கிறார், யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல. ‘எல்லா அப்பாவும் அப்படித்தான்’ என்று சொல்ல வாயெடுத்த பேராசிரியை அதை விழுங்கிக்கொள்கிறார். பதிவு முடிகிறது. “அவ ‘அப்பா’ன்னு ஆரம்பிக்கிற எடத்துக்குப் போங்க,” என்கிறார் ஓட்டுநர். பேராசிரியை பதிவைப் பின்னால் ஓட்டுகிறார். “அப்பா…” என்கிறாள் மகள். ஓட்டுநர் சட்டென்று எட்டி, தன் குரல் வருவதற்குள் படத்தை நிறுத்துகிறார். வாய் பாதி திறந்தபடி மகள் திரையில் நிற்கிறாள்.

“ம்… சொல்லும்மா,” என்கிறார்.