காயாத கதர்ச் சட்டை

குற்றாலச் சாரலில் கதர் லேசில் காயாது. கவிழ்த்த கூடைக்குள் கங்கு வைத்து, அதன்மேல் சட்டையைத் திருப்பித் திருப்பிப் போடுகிறாள் செண்பகம். சுதந்திரப் போராட்டத்தில் இருமுறை சிறை போய் வந்த கணவர் உலகநாதன் தன் கையால் நூற்ற நூலில் நெய்த சட்டை. இன்று அதை உடுத்தித்தான் தென்காசியில் தேர்தல் மனு கொடுக்கப் போகிறார். கட்சிக் கூட்டாளி சங்கரலிங்கம் குடையை மடக்காமலே வாசலில் நிற்கிறார். “உலகநாதா, கமிட்டியிலே ஒன்னை விட்டுட்டு ஜமீன் மருமகனை நிறுத்துதாவ.” “அண்ணாச்சி, நீங்களும் கை தூக்கினியளா?” சங்கரலிங்கம் கூடையையே பார்க்கிறார். “மனு குடுக்கையிலே கதர் வேணும்லா. அவருகிட்ட இல்லை. இந்தச் சட்டையை...” உலகநாதன் சிரிக்கிறார். குடை விளிம்பில் நீர் சொட்டுகிறது. “ஏட்டி, குடுத்துரு.” செண்பகம் சட்டையைத் தொட்டுப் பார்க்கிறாள். கங்கு சாம்பல் பூத்துவிட்டது. சட்டையின் அக்குள் இன்னும் ஈரமாகவே இருக்கிறது.