எண்டு

மகள் ஈழ அகதி முகாமிலிருந்து வருகிறாள் என்று தெரிந்தால் நர்ஸிங் கல்லூரியில் இடம் தரமாட்டார்கள் என்று அம்மா பயந்தாள். விலாசத்தை மாற்றிக் கொடுத்தாயிற்று. ஈழப் பேச்சை இந்த ஊர்ப் பேச்சாக மாற்றத்தான் நிரோஜினி பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"பேஷன்ட் வருத்தமா இருக்குன்னு சொன்னா என்ன செய்வே?" என்று கேட்டார், நேர்முகத்தில் இருந்த டாக்டர்.

"எந்த இடத்தில வருத்தம் எண்டு கேட்பன்."

டாக்டர் நிமிர்ந்தார். "'எண்டு'ங்கிறியே? நீ எந்த ஊரு?"



"தெக்கத்திப் பக்கம் எண்டுன்னும் சொல்வாங்க, நோயை வருத்தம்னும் சொல்வாங்க சார்," என்று குறுக்கிட்டார் பக்கத்தில் இருந்த கல்லூரி முதல்வரம்மா.

போன் வந்து டாக்டர் வெளியே போனார். முதல்வரம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடியதும் குரலைத் தாழ்த்தி, நிரோஜினியின் வீட்டுப் பேச்சிலேயே பேசினார்.

"மெல்லக் கதை, பிள்ளை. என்னையும் காட்டிக் குடுத்திடாதை."