ஆறாம் படத்தைத் திறந்தவர்

அறையில் இருந்தவர்கள்: அச்சக உரிமையாளர் சங்கரலிங்கம். அவருடைய மூத்த மகன் மோகனவேல். இளைய மகன் தனசேகர். தனசேகரின் மனைவி பொற்கொடி. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம்.

வேறு யாரும் இல்லை. டீ கொண்டுவந்தவரையும் வெளியே அனுப்பியாகிவிட்டது.

மேசைமேல் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிப் படங்களின் ஆல்பங்கள் இரண்டு. ஒன்று இவர்களுடையது. மற்றது பொற்கொடியின் அண்ணன் அச்சகத்துடையது. ஆடிப்பெருக்கன்று காலையில், சிவகாசி வழக்கப்படி, இரண்டும் பூஜை போட்டு வெளிவந்தன.

இரண்டிலும் ஒரே படம் இருந்தது. மயிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும் பால முருகன்.

இவர்கள் ஆல்பத்தில் அது ஆறாம் படம்.

அறுபது வருஷத்தில் இந்த அச்சகத்துப் படம் ஒன்றுகூட ஆடிப்பெருக்குக்கு முன் வாசல்படி இறங்கியதில்லை.

அதைக் காக்கத்தான் போன தையில் ஆரோக்கியம் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டான். படங்கள் எல்லாம் சர்வரில். டிசைன் புரோகிராமைத் திறந்தால்தான் சர்வர் டிரைவ் அந்தக் கணினியோடு சேரும். மூடினால் விட்டுப்போகும். எந்தக் கணினி, என்ன நேரம், யார் பெயர் என்று தானே குறித்துக்கொள்ளும்.

ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று அப்போதே கேட்டான். சங்கரலிங்கம் இசையவில்லை. வாசல் பலகையில் இருப்பது ஒரு பெயர். உள்ளேயும் அது போதும் என்றுவிட்டார்.

எல்லாரும் அவர் பெயரிலேயே நுழைந்தார்கள்.

இப்போது ஆரோக்கியம் பதிவை வாசித்தான்.

"ஜூன் இருபத்திரண்டு, ஞாயித்துக்கிழமை. காலைல பதினொன்னு இருபதுக்கு டிரைவ் சேந்திருக்கு. ஆறாம் படம் திறந்திருக்கு. ஆறே நிமிஷம். உங்க வீட்டு மாடிக் கம்ப்யூட்டர், அண்ணாச்சி."

மோகனவேல் நிமிர்ந்தான். "அன்னைக்கு எம் மகளுக்குக் காதுகுத்து. மொத்தக் குடும்பமும் திருச்செந்தூர்ல நின்னோம். காய்ச்சல்னு வீட்ல இருந்தது ஒரே ஒரு ஆளு."

தனசேகர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொற்கொடி, "மாமா" என்றாள்.

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படம் போனால் இன்னொரு படம் வரையலாம். இந்த வீட்டுக்கு வந்த பெண்ணைத் திருடி என்று இந்த வீட்டு வாயே சொன்னால், அதற்கு மேல் வரைய என்ன இருக்கிறது?

"ஆரோக்கியம், பேரு என்னன்னு இருக்கு?"

"எல்லாத்துலயும் உங்க பேருதானே அண்ணாச்சி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சங்கரலிங்கம்."

"அப்ப நாந்தான்."

மோகனவேல் சிரித்தேவிட்டான். "அப்பா, நீங்க அங்க பந்தியில நின்னு பாயசம் ஊத்துனீங்களே!"

"நாந்தான்னு சொல்லியாச்சு."

ஆல்பத்தை இழுத்து ஆறாம் படத்தைக் கிழித்தார். நிதானமாக, நேர்கோட்டில். மற்ற ஆல்பங்களிலும் கிழித்துவிடச் சொன்னார்.

பிறகு ஆரோக்கியத்திடம், "இனிமே ஆளுக்கொரு பேரு போட்டுரு" என்றார்.

"எத்தனை பேருக்கு அண்ணாச்சி?"

அவர் அன்று முதன்முறையாகப் பொற்கொடியைப் பார்த்தார்.

"இங்க இருக்கிற எங்க நாலு பேருக்கும்."

படத்தைக் கொடுத்தது இளைய மருமகள் என்று பஜாரில் இன்னும் பேச்சிருக்கிறது. அது தவறு. திறந்தவர் சங்கரலிங்கம். பதிவின் நகல் அலுவலகத்தில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து படித்துக்கொள்ளலாம்.